“எனக்கு அப்படி எதுவும் நடந்ததில்லை”

சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டில், கல்லூரித் தோழிகள் பதினொரு பேர் பந்தியில் ஒரே வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எல்லோருக்கும் ஐம்பத்தைந்தைத் தாண்டிய வயது. வங்கி, பள்ளிக்கூடம், அரசு அலுவலகம் என்று முப்பது ஆண்டுகள் உழைத்துவிட்டு ஓய்வுபெற்றவர்கள், ஓய்வை நெருங்குபவர்கள். எங்கள் பழங்கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்த மணப்பெண்ணின் தோழி ஒருத்தி, “ஆன்ட்டி, உங்க காலத்துலயும் பஸ்ல தொல்லை எல்லாம் இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“சேச்சே, எங்களுக்கு அப்படியெல்லாம் எதுவும் நடந்ததில்லைம்மா. அப்போ பசங்களுக்கு ஒரு பயம் இருந்துச்சு” என்றாள் எங்களில் ஒருத்தி. மற்றவர்கள் தலையை ஆட்டினோம். நானும் ஆட்டினேன்.

பாயசம் வந்தது. கடைசியில் உட்கார்ந்திருந்தவள் சாதாரணமாகச் சொன்னாள்: “ஆனா ஊக்கு இல்லாம யாரும் டவுன் பஸ் ஏற மாட்டோம், ஞாபகம் இருக்கா?” அவ்வளவுதான். ஒருத்தி தாவணி முந்தியில் ஊக்கு குத்திவைத்திருப்பாளாம். இன்னொருத்தி டிபன் பாக்ஸ் பையின் கைப்பிடியில். கணக்கு மேஜர் எடுத்தவளுக்கு காம்பஸ் முள். கூட்டத்துக்குள் கை வரும் திசையைப் பார்த்து எப்படித் திரும்பி நிற்பது, புத்தகத்தை எப்படி நெஞ்சோடு அணைப்பது, எந்த கண்டக்டர் இருந்தால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பது, எந்த நிறுத்தத்தில் முன்னதாகவே இறங்கி முக்கால் மைல் நடப்பது என்று இருபது நிமிடம் பேசித் தீர்த்தோம். நடுநடுவே சிரித்தோம்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்புறம் ஏன் எதுவும் நடக்கலைன்னு சொன்னீங்க?” என்றாள். பதினொரு பேரில் ஒருத்தியிடமும் பதில் இல்லை.

நாங்கள் பொய் சொல்லவில்லை. ‘நடந்தது’ என்ற சொல்லுக்கு எங்கள் தலைமுறையில் பொருளே வேறு. போலீஸ் வர வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பேப்பரில் வர வேண்டும், அதுதான் நடந்தது. ஓர் ஊக்கால் சமாளித்துவிட முடிகிற எதுவும் நடந்ததில் சேராது. வெயிலுக்குக் குடை எடுத்துப்போகிற பெண், வெயில் தன்னைத் தாக்கியது என்று சொல்வதில்லை. பஸ்ஸையும் அப்படித்தான் ஒரு பருவநிலை போல எடுத்துக்கொண்டோம்.

எங்களுக்குத் தரப்பட்ட சொற்களும் அப்படி. கேலி, கிண்டல், சில்மிஷம், குறும்பு. இவற்றில் எதைச் சொல்லிப் புகார் கொடுப்பது? சட்டமே வெகுகாலம் இந்த மொழியில்தான் பேசியது. 1998இல் சென்னையில், ஆட்டோவில் வந்த ஒரு கும்பலின் அத்துமீறலால் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகு தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத்துக்கு வைத்த பெயர் ஈவ் டீசிங் தடைச் சட்டம். ஓர் உயிர் போன பிறகும் அதன் பெயரில் ‘சீண்டல்’ இருந்தது. பின்னர் திருத்தத்தின் மூலம்தான் ‘பெண்களைத் துன்புறுத்துதல்’ என்ற சொல் வந்தது. பெயரில்லாத ஒன்றைச் சுமப்பவளிடம் அதைப் பற்றிக் கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள்.

ஆனால், சொல் கிடைத்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. இன்று சொற்கள் ஏராளமாக இருக்கின்றன. பெண்களின் நிலை பற்றிப் பொதுவாகக் கேட்டால், “பொம்பளைக்கு எங்கதான் நியாயம் கிடைக்குது?” என்று எந்த வயதுப் பெண்ணும் சொல்வாள். அடுத்த மூச்சில், “ஆனா எங்க வீட்ல அப்படி இல்லை” என்பாள். அமெரிக்க உளவியலாளர் ஃபே கிராஸ்பி பாஸ்டன் அருகேயுள்ள நியூட்டன் நகரில் வேலைபார்க்கும் பெண்களிடம் நடத்திய ஆய்வை 1980களின் தொடக்கத்தில் வெளியிட்டார். அவர்கள் ஒத்த வேலையில் இருந்த ஆண்களைவிடக் குறைவாகவே சம்பளம் வாங்கினார்கள். பெண்களுக்கு வேலையிடத்தில் பாகுபாடு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தங்களுக்கு அது நடக்கவில்லை என்றார்கள். ஊரெல்லாம் பாகுபாடு, ஆனால் பாதிக்கப்பட்டவள் ஒருத்திகூட இல்லை!

இதன் காரணத்தை நான் என் அம்மாவிடமிருந்து புரிந்துகொண்டேன். ‘பெண்களுக்கு அநீதி நடக்கிறது’ என்ற வாக்கியத்தில் குற்றவாளி யாரும் இல்லை. அதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம். ‘எனக்கு அநீதி நடந்தது’ என்று சொன்னால் அடுத்த கேள்வி ‘யார் செய்தது?’ என்பது. அதற்கான பதில் கூடத்தில் ஈஸிசேரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும். அப்பாவாக, அண்ணனாக, கணவனாக, பெற்று வளர்த்த மகனாக. அந்த மனிதர் கெட்டவர் அல்ல. காய்ச்சல் வந்தால் மருந்து வாங்கி வருபவர். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதைவிட, நடந்ததே இல்லை என்று சொல்லிவிடுவது அம்மாவுக்கு எளிதாக இருந்தது.

“உங்கப்பா ஒருநாள்கூட என்னைக் கை நீட்டி அடிச்சதில்லை” என்று அம்மா பெருமையாகச் சொல்வார். நாற்பது ஆண்டுகள் எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடிச்சட்டியில் இருப்பதைச் சாப்பிட்டவர். தன் பெயரில் ஒரு தபால் சேமிப்புக் கணக்குகூட இல்லாதவர். அவருடைய அளவுகோல் அப்பா அல்ல, எதிர்வீட்டுக்காரர். எதிர்வீட்டில் அடி விழும் சத்தம் கேட்கும் தெருவில், அடி விழாத வீடு சொர்க்கம். தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) சொல்லும் எண்ணை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கேட்கப்பட்ட ஏழு காரணங்களில் ஏதாவது ஒன்றுக்காகவாவது கணவன் மனைவியை அடிப்பது சரியே என்று இந்தியப் பெண்களில் 45% பேர் சொன்னார்கள். ஆண்களில் 44%. பெண்கள் அதிகமாக ஏற்றுக்கொண்ட காரணம், மாமனார் மாமியாருக்கு மரியாதை கொடுக்காதது. இந்த எண் வெளியானபோது, “பாருங்கள், பெண்களே சொல்கிறார்கள்” என்று பலர் குதூகலித்தார்கள். அதே ஆய்வில் தெலங்கானாவில் இந்த விகிதம் 84%. இமாச்சலப் பிரதேசத்தில் சுமார் 15%. பெண்ணின் இயல்பு இதுவென்றால் இரண்டு மாநிலங்களுக்கு இடையே இவ்வளவு தூரம் எப்படி வரும்? சுற்றியிருக்கும் வாழ்க்கை எதை வழக்கம் என்று கற்றுக்கொடுக்கிறதோ அதைத்தான் அவள் திருப்பிச் சொல்கிறாள். வன்முறைக்கு ஆளான பெண்களில் 77% பேர் உதவியும் நாடவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை என்பதும் அதே ஆய்வின் கணக்குதான். அதை எடுத்துக்காட்டிக் குதூகலிக்க யாரும் வரவில்லை.

“நானாக இருந்தால் அந்த இடத்திலேயே செருப்பைக் கழற்றியிருப்பேன்” என்று சொல்லும் பெண்களை எல்லோரும் பார்த்திருப்போம். ஜூலி வுட்சிக்கா, மரியான் லாஃப்ரான்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. வேலைக்கான நேர்காணலில் ஓர் ஆண், “உனக்குக் காதலன் இருக்கிறானா?”, “உன்னைப் பார்க்கிறவர்களுக்கு ஆசை வருமா?” என்பது போலக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கல்லூரிப் பெண்களிடம் கேட்டார்கள். கோபம் வரும் என்றார்கள். 68% பேர் ஒரு கேள்விக்காவது பதில் சொல்ல மறுத்துவிடுவோம் என்றார்கள். பிறகு வேறு பெண்களை, ஆய்வு உதவியாளர் வேலைக்கென்று உண்மையாகவே நம்பவைத்து அழைத்து, அதே கேள்விகளைக் கேட்டார்கள். ஒருவர்கூடப் பதில் சொல்ல மறுக்கவில்லை. ஒருவரும் எழுந்து போகவில்லை. பின்னர் விசாரித்தபோது கோபத்தைவிட அதிகமாக அவர்கள் சொன்ன உணர்வு பயம்.

வெளியில் இருக்கும்போது கோபம், உள்ளே மாட்டிக்கொண்டால் பயம். பயந்துபோய்ச் சிரித்துப் பதில் சொல்லிவிட்டு வந்த பெண், அதன் பிறகு அந்த நிமிடத்தை எப்படி நினைவில் வைத்திருப்பாள்? ‘நான் பயந்தேன்’ என்று வைத்துக்கொண்டு வாழ்வது கடினம். ‘அவர் சும்மா ஜாலியாகப் பேசுகிற ஆள்’ என்று வைத்துக்கொண்டால் மறுநாள் அதே அலுவலகத்துக்குப் போக முடியும்.

இதைவிட எனக்கு நெருக்கமான ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். பூர்வீகச் சொத்தில் தனக்குள்ள பங்கை உடன்பிறந்தவனுக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தருவது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து 1989இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அதுவும் அன்றைய தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களை விலக்கிவிட்டு. 2005இல் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தது. பிறப்பினாலேயே மகளுக்கு உரிமை உண்டு, 2005இல் தகப்பன் உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றித் தீர்ப்பளித்தது. இத்தனை பேர் இத்தனை காலம் போராடி வாங்கிக் கொடுத்த உரிமையை நான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அரைமணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

என்னை யாரும் மிரட்டவில்லை. அண்ணன் வாயைத் திறந்து கேட்கக்கூட இல்லை. “தங்கச்சி எப்போ வர்றான்னு கேட்டுச் சொல்லுங்க, ஒரு கையெழுத்து வேலை இருக்கு” என்று அண்ணி மூலமாகத் தகவல் வந்தது. பத்திரம் தயாராக இருந்தது. யாருடைய தூண்டுதலும் இன்றி மனப்பூர்வமாக எழுதிக் கொடுப்பதாக அதில் இருந்தது. அன்று மத்தியானம் அண்ணன் வீட்டில் எனக்குப் பட்டுப்புடவை வைத்துக் கொடுத்தார்கள். வெகுநாள் வரை, யார் கேட்டாலும், “நானே விருப்பப்பட்டுத்தான் கொடுத்தேன்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த விருப்பத்துக்குள் என்ன இருந்தது என்பதைப் பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். என் பிள்ளைகளுக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். மகள் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் வர வேண்டும். வராவிட்டால் புகுந்த வீட்டில் என் தலை குனியும். எல்லாவற்றுக்கும் மேல், நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க ஒரு வாசல் வேண்டும். பங்கு கேட்ட என் பெரியப்பா மகளுக்கு அந்த வாசல் அடைக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவள் அப்பா இறந்தபோது, ‘சொத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனவ’ என்று பந்தலில் அவளுக்கு அருகில் உட்காரக்கூட ஆள் இல்லை. அதைப் பார்த்த அத்தனை பெண்களும் பாடம் படித்துவிட்டார்கள். முள் மேல் சேலை பட்டாலும், சேலை மேல் முள் பட்டாலும் சேதம் சேலைக்குத்தான் என்று எங்கள் பாட்டிகள் சொன்னது உபதேசம் அல்ல, வரவு செலவுக் கணக்கு.

துருக்கியைச் சேர்ந்த சமூகவியலாளர் டெனிஸ் கண்டியோட்டி 1988இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதை ஆணாதிக்கத்துடன் பெண்கள் நடத்தும் பேரம் என்றார். விதிகளைப் பெண்கள் வகுக்கவில்லை. அந்த விதிகளுக்குள் தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் எவ்வளவு பாதுகாப்பை மிச்சம்பிடிக்க முடியும் என்று பார்த்து நடக்கிறார்கள். மருமகளாக அடங்கிக் கிடந்தவளுக்கு மாமியாராகும் நாளில் கொஞ்சம் அதிகாரம் கிடைக்கும் என்பது அந்தப் பேரத்தின் ஒரு ஷரத்து. முப்பது ஆண்டுகள் தவணை கட்டிவிட்டு, முதிர்வுத் தொகை வாங்கும் நேரத்தில் மருமகள் வந்து இந்தச் சீட்டே மோசடி என்று சொன்னால் மாமியாருக்கு எப்படி இருக்கும்? மருமகளின் நியாயத்தை ஏற்றால் தன் முப்பது ஆண்டுகளும் வீண் என்றாகிவிடும். “நாங்கல்லாம் பொறுத்துப் போகலையா?” என்ற கேள்வியில் இருப்பது கொடூரத்தைவிட அதிகமாகத் துக்கம்தான்.

அதனால்தான் ‘பெண்ணுக்குப் பெண்ணே எதிரி’ என்ற சொலவடையை நான் முழுமையாக வெறுக்கிறேன். டிவி சீரியல்கள் அதை மூலதனமாக வைத்து இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்லா கட்டுகின்றன. மாமியாரும் மருமகளும் அடுப்படியில் மோதிக்கொள்ளும்போது, அந்த வீட்டின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று எந்தத் தொடரும் கேட்பதில்லை.

இன்னொரு வகை மறுப்பும் உண்டு. அது நன்றியின் வேடத்தில் வருவது. “ராணி மாதிரி வச்சிருக்கார்.” “எனக்கு எல்லாச் சுதந்திரமும் கொடுத்திருக்கார்.” “வீட்டு வேலையில ஹெல்ப் பண்ணுவார்.” கொடுத்திருக்கார் என்றால் அது அவர் கையில் இருந்தது என்று பொருள். ஹெல்ப் என்றால் வேலை அவளுடையது என்று பொருள். 2019இல் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் ஆகியோரின் குழு 19 நாடுகளில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 2000இல் வெளியானது. ஆண்களிடம் பெண்கள் மீதான பகையுணர்வு எங்கே அதிகமோ, அங்கே ‘பெண் பாதுகாக்கப்பட வேண்டியவள், போற்றப்பட வேண்டியவள்’ என்ற கருத்தைப் பெண்கள் ஆண்களுக்கு இணையாகவும், சில இடங்களில் அவர்களைவிட அதிகமாகவும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று அது கண்டது. வெளியே இடி இடிக்கும்போது கூரை கொடுத்தவனிடம் வாடகை பற்றிப் பேச முடியாது.

உண்மையாகவே நல்ல வீடும் நேர்மையான அலுவலகமும் வாய்த்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லை என்று சொன்னால் நம்ப வேண்டும். என் மனத்தாங்கல் வேறொருவரிடம். அதிகாரம் கையில் இருந்தும் மறுப்பவரிடம். உயர் பதவியில் இருக்கும் பெண், “நான் பெண் என்பதால் எந்தத் தடையும் சந்தித்ததில்லை, திறமை இருந்தால் போதும்” என்று பேட்டி கொடுக்கிறார். அதே பேட்டியில் “குடும்பத்தையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?” என்ற கேள்விக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறார். அவருக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்த எந்த ஆணிடமும் கேட்கப்படாத கேள்வி அது. அவருக்குக் கீழே பணிபுரியும் இருபத்தாறு வயதுப் பெண் அதைப் படித்துவிட்டு, தான் கொடுக்க நினைத்த புகாரைக் கிழித்துப் போடுவாள். நெதர்லாந்து காவல்துறையின் மூத்த பெண் அதிகாரிகளிடம் பெல்லே டெர்க்ஸ் குழுவினர் நடத்திய ஆய்வு (2011) இதில் ஒரு நம்பிக்கையும் தருகிறது. தாங்கள் அனுபவித்த பாகுபாட்டை நினைவுபடுத்தியதும், மற்றப் பெண்களிடமிருந்து மனத்தளவில் விலகி நின்றவர்கள் இன்னும் விலகி, பாகுபாடே ஒரு பிரச்சினை இல்லை என்றார்கள். பெண்கள் என்ற அடையாளத்தோடு நெருக்கமாக இருந்தவர்களோ மற்றப் பெண்களுக்குக் கைகொடுக்க முன்வந்தார்கள். பட்ட அடி ஒன்றுதான். தனியாக நின்று பட்டவள் மறுக்கிறாள். கூட்டத்தோடு நின்று பட்டவள் பேசுகிறாள்.

கோழிக்கோடு மிட்டாய் தெரு இதற்குச் சாட்சி. அங்குள்ள கடைகளில் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலைபார்த்தார்கள். கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். அதே தெருவில் தையல் வேலைபார்த்த விஜி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கி, முதலில் கழிப்பறையையும் பிறகு உட்காரும் உரிமையையும் கேட்டார். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன்பு எந்த ஜவுளிக்கடைப் பெண்ணிடம் கால் வலிக்கிறதா என்று கேட்டாலும், “பழகிடுச்சுக்கா” என்பதே பதிலாக இருந்தது. முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் வேறு என்ன சொல்வாள்?

ஆகவே, ‘பெண்களே ஏன் மறுக்கிறார்கள்?’ என்று கேட்பவர்கள் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: உங்கள் வீட்டில், உங்கள் அலுவலகத்தில், கடைசியாக வாய்திறந்த பெண்ணுக்கு என்ன ஆயிற்று? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் இடங்களில் புகார்க் குழு வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குழுவின் பெயர்ப் பட்டியல் சுவரில் இருந்தால் போதாது. புகார் கொடுத்தவளுக்கு அடுத்த ஆண்டு பதவி உயர்வு வந்ததா, இடமாற்றம் வந்ததா என்பதைத்தான் மற்றப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. தங்கையின் கையெழுத்துக்குப் பத்திரத்தைத் தயார் செய்துவைக்காதீர்கள். அவள் பங்கு இவ்வளவு என்று முதலில் அவளிடம் எழுதிக் கொடுங்கள். அதை வாங்கிக்கொண்ட பிறகும் உங்கள் வீட்டு வாசல் அவளுக்குத் திறந்திருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அவள் என்ன செய்கிறாளோ, அதற்குத்தான் விருப்பம் என்று பெயர்.

என் வயதுப் பெண்களிடம் கேட்பது ஒன்று உண்டு. மகளோ மருமகளோ பேத்தியோ, “உங்களுக்கு இப்படி எல்லாம் நடந்திருக்கா?” என்று கேட்டால் தயவுசெய்து தலையை ஆட்டி மறுக்காதீர்கள். நடந்தது என்று சொல்லுங்கள். எந்த ஆண்டு, எந்த பஸ், யார் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள், அன்று ராத்திரி வீட்டில் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.